ஏரியைப் பார்த்த பிறகு வீட்டைப் பாருங்கள்
ஆவடிக்கு அப்பால் குடியேறுகிறவர்களுக்கு

சென்ட்ரலில் இருந்து அரக்கோணம் போகும் மின்சார ரயில் ஆவடியைத் தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே காட்சி மாறத் தொடங்கும். அடுக்குமாடிகள் குறைந்து பனைமரங்களும் ஏரிக்கரைகளும் நடுநடுவே நெல்வயல்களும் தென்படும். பட்டாபிராம், நெமிலிச்சேரி, திருநின்றவூர், வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை, புட்லூர், திருவள்ளூர் என்று வரிசையாக வரும் இந்த நிலையங்களில் இறங்கி இரண்டு மூன்று கிலோமீட்டர் உள்ளே போனால், சென்னையில் வேலை பார்த்துக்கொண்டே கிராமத்துக் காற்றில் குடியிருக்கலாம். அரை கிரவுண்டு மனை, முன்னால் ஒரு வேப்பமரம், காலையில் கறந்த பால், இரவில் தவளைச் சத்தம். இவை இன்னும் இங்கே கிடைக்கின்றன. அவற்றைத் தேடி வருகிறவர்களுக்கும், வந்தபின் அவை கைநழுவாமல் இருக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கும் இந்த அத்தியாயம். கூடுவாஞ்சேரி பக்கமோ மீஞ்சூர், பொன்னேரி பக்கமோ இடம் பார்க்கிறவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நீங்கள் விரும்பி வரும் அமைதி, நீங்கள் வாங்கும் 1,200 சதுர அடிக்குள் இல்லை. அது எதிரே இருக்கும் ஏரியிலும் பக்கத்து வயலிலும் மாடு மேயும் புறம்போக்கிலும் இருக்கிறது. அவற்றில் எதற்கும் நீங்கள் பணம் கொடுக்கவில்லை. எதுவும் உங்கள் பத்திரத்தில் எழுதப்படவும் இல்லை. அவை போனால் மிஞ்சுவது நகரத்தைவிட வசதி குறைந்த ஒரு தெருதான். ஆகவே இங்கே வீடு பார்ப்பது, வீட்டைச் சுற்றி இருப்பதைப் பார்ப்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

போக்குவரத்து

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். சென்ட்ரலில் இருந்து திருவள்ளூர் சுமார் 42 கிலோமீட்டர். ரயில் நம்பகமானது, சீசன் டிக்கெட் எடுத்தால் செலவும் குறைவு. ஆனால் ஆவடி வரைக்கும் வரும் வண்டிகள் எல்லாம் திருவள்ளூர் வரை வருவதில்லை, திருவள்ளூர் வரை வருபவை எல்லாம் அரக்கோணம் போவதில்லை. ஒவ்வொரு நிலையம் தள்ளிப் போகும்போதும் கால அட்டவணையை எடுத்துவைத்து, இரவு ஒன்பது மணிக்கு மேல் எத்தனை வண்டி என்று எண்ணுங்கள். அதைவிட முக்கியம், நிலையத்திலிருந்து வீடு வரையிலான கடைசித் தூரம். பகலில் ஓடும் ஷேர் ஆட்டோ இரவில் ஓடாது. மழைநாள் மாலையில் ஒருமுறை, கையில் பையோடு, அந்தத் தூரத்தை நீங்களே கடந்து பாருங்கள். உங்கள் வீட்டுப் பெண்கள் தனியாக அந்த வழியில் வர முடியுமா என்பதை அவர்களையே கேளுங்கள். வழியில் ரயில்வே கேட் இருந்தால் அது எவ்வளவு நேரம் மூடிக் கிடக்கிறது என்று காலை எட்டு மணிக்குப் போய் நின்று பார்த்துவிடுங்கள். அவசரத்துக்கு வரும் ஆம்புலன்சும் அதே கேட்டில்தான் நிற்கும்.

ஏரி எங்கே இருக்கிறது?

திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்கள் முழுவதும் ஏரிகளால் கட்டப்பட்ட நிலம். பெரிய ஆற்றுப் பாசனம் இல்லாத இந்தச் சமவெளியில், வடகிழக்குப் பருவமழையின் இரண்டு மூன்று மாத நீரைத் தேக்கி வைத்து ஆண்டு முழுவதும் விவசாயம் செய்ய முன்னோர் கண்ட வழி இது. ஒரு ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்த ஏரிக்கு. இந்தச் சங்கிலியை ஒருமுறை மனதில் வரைந்துகொண்டால், எந்த மனையை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது என்பது பாதி விளங்கிவிடும்.

ஏரிக்கு ஒரு பக்கம்தான் கரை. மறுபக்கம் நிலம் மெல்ல மெல்ல மேடேறும். கரைக்குள், தண்ணீர் பரவும் பகுதி உள்வாய். கரைக்கு வெளியே, மதகு வழியாகத் தண்ணீர் பாயும் வயல்கள் ஆயக்கட்டு. ஏரி வற்றிய கோடையில் உள்வாய் ஓரம் பார்க்க அழகான சமதளமாக இருக்கும். கற்கள் நட்டு, கொடி கட்டி, மனை பிரித்து விற்பவர்கள் பங்குனி சித்திரையில் உங்களைக் கூட்டிப்போவது அதனால்தான். நீங்கள் கார்த்திகையில் போங்கள். தீபாவளி முடிந்து இரண்டு நல்ல மழை பெய்த பிறகு போனால், விற்பவர் சொல்லாததை நிலமே சொல்லும்.

கார்த்திகைவரை காத்திருக்க முடியாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. கரையில் நடந்து கலங்கலைக் கண்டுபிடியுங்கள். கல்லால் அல்லது கான்கிரீட்டால் கட்டிய தாழ்வான சுவர் அது. ஏரி நிரம்பினால் தண்ணீர் அதன் மேல்மட்டம் வரை நிற்கும். உள்பக்கத்தில் அந்த மட்டத்துக்குக் கீழே உள்ள நிலம் எல்லாம் தண்ணீருக்குள் போகும். உங்கள் மனை அந்த மட்டத்துக்கு மேலே எவ்வளவு இருக்கிறது என்று ஒரு சர்வேயரை வைத்து அளந்து பார்ப்பது, வீடு கட்டும் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. வரத்துக்கால்வாய், போக்குக்கால்வாய் இரண்டும் எந்த வழியாகப் போகின்றன என்றும் பாருங்கள். கால்வாய் புதர் மண்டி, ஒரு முழம் அகலத்துக்குச் சுருங்கிக் கிடந்தாலும் அது கால்வாய்தான். தண்ணீர் தன் பாதையை மறப்பதில்லை. 2015 டிசம்பரில் தாம்பரத்தை ஒட்டிய முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை எல்லோரும் பார்த்தோம். அடையாற்று நீர் தன் பழைய பரப்பைத் திரும்பக் கேட்டது. அதற்குள் அங்கே தெருக்கள் வந்துவிட்டிருந்தன.

இன்னொரு நல்ல வழிகாட்டி பழைய ஊர். நத்தம் என்று வருவாய்ப் பதிவேட்டில் குறிக்கப்பட்ட பழைய குடியிருப்பைப் போய்ப் பாருங்கள். அது பெரும்பாலும் சுற்றுப்புறத்திலேயே மேடான இடத்தில் இருக்கும். பல தலைமுறை மழையைப் பார்த்தவர்கள் தேர்ந்தெடுத்த இடம் அது. உங்கள் மனை நத்தத்தைவிட எவ்வளவு தாழ்வு என்பதே உங்களுக்கான எச்சரிக்கை அளவு. ஏரிக்கரையில் ஆடு மாடு மேய்க்கிற ஒருவரிடம் நின்று, “பெரியவரே, கார்த்திகை மழையில இங்க தண்ணி எதுவரைக்கும் ஏறும்?” என்று கேளுங்கள். கையை நீட்டி ஒரு மரத்தையோ கம்பத்தையோ காட்டுவார். எந்த விளம்பரத் தாளிலும் இல்லாத தகவல் அது.

தாழ்வான மனையைச் சவுடு மண் கொட்டி உயர்த்திவிடலாம் என்று சொல்வார்கள். உயர்த்தலாம், ஆனால் உங்கள் மனையில் நின்ற தண்ணீர் அடுத்த மனைக்குப் போகும். அவரும் உயர்த்துவார். தெரு குளமாகும். அந்தச் சவுடு மண்ணும் பெரும்பாலும் ஏதோ ஒரு ஏரியிலிருந்து லாரியில் வந்ததாகத்தான் இருக்கும். மேட்டு நிலத்தில், புன்செயாக இருந்த இடத்தில் மனை தேடுவதே முறையான வழி. அங்கேயும் கடைக்கால் போடும்போது தளமட்டத்தைச் சாலையிலிருந்து மூன்று நான்கு அடி உயர்த்தி வையுங்கள். சாலை போடுகிற ஒவ்வொரு முறையும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே தார் ஊற்றும் வழக்கம் இருக்கும்வரை இந்த உயரம் அவசியம்.

பத்திரத்துக்கு அப்பாலும் பாருங்கள்

வில்லங்கச் சான்று, தாய்ப் பத்திரம், பட்டா, வங்கிக் கடன் இவையெல்லாம் எந்த ஊரில் மனை வாங்கினாலும் பார்க்க வேண்டியவை. வழக்கறிஞர் பார்த்துச் சொல்வார். இங்கே கூடுதலாகப் பார்க்க வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் கொடுத்தது யார் என்று கேளுங்கள். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வின் எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கி 2022-ல் அரசாணை வந்தது. அதற்கு முன் பல ஊர்கள் நகர் ஊரமைப்பு இயக்ககமான டி.டி.சி.பி.யின் கீழ் இருந்தன. பழைய மனைப்பிரிவில் டி.டி.சி.பி. எண் இருப்பதில் தவறில்லை; ஆனால் எண்ணை அந்தந்த அலுவலகத்தில் சரிபார்க்க வேண்டும். “பஞ்சாயத்து அப்ரூவல்” என்று மட்டும் சொன்னால் விலகிவிடுங்கள். அங்கீகாரம் இல்லாத மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் வந்த திட்டம், 2016 அக்டோபர் 20-ஆம் தேதிக்கு முன் பதிவான மனைகளுக்கானது. நீர்நிலையிலும் கால்வாயிலும் இருக்கும் மனைகளுக்கு அதிலும் இடம் இல்லை. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய மனைப்பிரிவு என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணை ஆணையத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

பெரும்பாலானவர்கள் தங்கள் புல எண்ணை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். நீங்கள் சுற்றியுள்ள எல்லாப் புல எண்களையும் பாருங்கள். கிராம வரைபடத்தை வாங்கி, பக்கத்து எண்கள் ‘அ’ பதிவேட்டில் எப்படி வகைப்படுத்தப்பட்டுள்ளன என்று பார்த்தால் பல விஷயம் தெரியும். ஏரி, வாய்க்கால், மேய்க்கால், களம், வண்டிப்பாட்டை, சுடுகாடு என்று ஒவ்வொன்றும் அதில் இருக்கும். நீங்கள் ரசித்த பச்சைவெளி மேய்க்கால் புறம்போக்கா, தனியார் பட்டா நிலமா? பட்டா நிலம் என்றால், அதன் சொந்தக்காரர் நாளைக்கே அதை மனை போடலாம். நீங்கள் ஒன்றும் சொல்ல முடியாது. முழுமைத் திட்டத்தில் அதன் நில உபயோகம் விவசாயமா குடியிருப்பா என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்தப் பச்சை எத்தனை காலம் நிற்கும் என்று ஓரளவு கணிக்கலாம். சுடுகாட்டுப் பாதை உங்கள் தெரு வழியாகப் போனால் அது தலைமுறைகளாக இருக்கும் பாதை. அதில் இறுதி ஊர்வலம் வரும், பறையும் வெடியும் இருக்கும். அதைப் பின்னால் ஒரு குறையாகப் பேச உங்களுக்கு உரிமையில்லை என்பதை இப்போதே மனதில் ஏற்றுக்கொண்டு முடிவெடுங்கள்.

பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் போக மிச்ச நிலத்தில் 10 விழுக்காட்டைப் பூங்காவுக்கும் விளையாட்டுத் திடலுக்கும் விட்டு, உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். அங்கீகார வரைபடத்தில் அந்தத் திறந்தவெளி எங்கே குறித்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, நேரில் போய் அந்த இடத்தில் நில்லுங்கள். அங்கே யாராவது சுவர் எழுப்பியிருந்தால் அந்த மனைப்பிரிவின் மற்றக் காகிதங்களையும் சந்தேகிக்க வேண்டும். செங்கல் சூளை இந்த மாவட்டத்தில் அதிகம். காற்று எந்தத் திசையில் அடித்தால் புகை வரும், மண் லாரிகள் எந்தச் சாலையில் ஓடுகின்றன என்பதை அக்கம்பக்கத்துப் பெட்டிக்கடையில் ஒரு டீ குடித்துக்கொண்டே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

கிணறும் கழிவுத் தொட்டியும்

இந்த ஊர்களில் பெரும்பாலானவற்றில் பாதாளச் சாக்கடை இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு போர், ஒரு செப்டிக் டேங்க். அரை கிரவுண்டு மனைகளை அடுக்கி வைத்த தெருவில் இதன் பொருள் என்ன என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். குடிநீர்க் கிணறும் கழிவு ஊறும் குழியும் குறைந்தது 15 மீட்டர், அதாவது 50 அடி தள்ளி இருப்பது நல்லது. முப்பதுக்கு நாற்பது மனையில் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் கோடு போட்டால் சரியாக 50 அடி. அதாவது, ஒரு மூலையில் போரும் நேர் எதிர்மூலையில் தொட்டியும் வைத்தால்தான் அந்த அளவே கிடைக்கும். அதுவும் பக்கத்து வீட்டுத் தொட்டி உங்கள் போரை ஒட்டி வராமல் இருந்தால்.

ஆகவே இதைத் தனி வீட்டு விஷயமாக விடாமல் தெருவாகச் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். போர் எல்லாம் வாசல் பக்கம், தொட்டி எல்லாம் பின்பக்கம் என்று ஒரு தெருவே ஒத்துக்கொண்டால், பின்வீட்டுத் தொட்டியும் உங்கள் தொட்டியும் முதுகோடு முதுகாக இருக்கும், கிணறுகள் தப்பிக்கும். முதலில் வீடு கட்டுகிறவர் நீங்கள் என்றால் இந்த வழக்கத்தைத் தொடங்கிவைக்கும் பொறுப்பு உங்களுடையது. பின்னால் வருகிறவரிடம் கடைக்கால் தோண்டும் முன்பே பேசிவிடுங்கள். தொட்டி கட்டியபின் பேசிப் பயனில்லை. வெறும் உறைகளை இறக்கி அடியில் மண் விட்ட தொட்டி மலிவுதான். ஆனால் அது நேராக நிலத்தடி நீரில் கலக்கும். அடியும் பக்கமும் பூசி, அறைகள் பிரித்துக் கட்டுங்கள்.

தொட்டி நிரம்பினால் லாரி வரும். உரிமம் உள்ள லாரியா, சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் கொண்டுபோகிறார்களா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இரவில் ஏதோ ஒரு கால்வாயில் திறந்துவிடுகிற லாரிக்கு நீங்கள் கொடுக்கும் பணம், உங்கள் ஏரியைக் கெடுக்கக் கொடுக்கும் பணம். எந்தக் காரணம் கொண்டும் ஒரு மனிதரைத் தொட்டிக்குள் இறக்காதீர்கள். விஷவாயு சில நொடிகளில் உயிரைக் குடிக்கும். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றமும்கூட.

குடியேறும் முன் போர்த் தண்ணீரைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துப் பரிசோதித்துவிடுங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது; வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. நைட்ரேட், கோலிபார்ம் இரண்டையும் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். நைட்ரேட் கூடுதலாக வந்தால் பக்கத்தில் கழிவோ உரமோ கலக்கிறது என்று அர்த்தம். கோடை முடிவில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை என்று ஆண்டுக்கு இரண்டு பரிசோதனை போதும்.

மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்து கட்டாயம். அனுமதிக்காக ஒரு குழாயைச் சுவரில் ஒட்டிவிட்டு மறந்துவிடுகிற வேலையாக அதை ஆக்கிவிடாதீர்கள். சென்னை வட்டாரத்தில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் விழுவது 1,30,000 லிட்டர். ஆவியானதும் முதல் மழையில் கழுவிவிடுவதும் போக ஒரு லட்சம் லிட்டர் என்று வைத்துக்கொண்டாலும், 12,000 லிட்டர் லாரி எட்டுக்குச் சமம். வசதியிருந்தால் மூன்றடி நான்கடி விட்டத்தில் ஓர் உறைகிணறு போட்டு, மாடித் தண்ணீரை மணலும் ஜல்லியும் போட்ட வடிகட்டி வழியாக அதில் இறக்குங்கள். ஆழமாகப் போர் போடுவதில் காட்டும் ஆர்வத்தில் பாதியை இதில் காட்டினால் போதும். தெரு முழுக்க ஆழ்துளைப் போட்டி தொடங்கிவிட்டால் கடைசியில் தோற்பது எல்லோரும்தான். வாசலையும் சுற்றுச்சுவர் ஓரத்தையும் சிமென்ட் பூசி மூடாமல் மண்ணாக விடுங்கள். முருங்கையும் கறிவேப்பிலையும் வாழையும் அங்கே தானாக வளரும். வாசலில் ஒரு புங்கை வைத்தால் சில ஆண்டுகளில் நிழல் கொடுக்கும். அரை கிரவுண்டில் தென்னை மட்டும் வேண்டாம். மட்டை எப்போதும் பக்கத்து வீட்டு ஓட்டின்மேல்தான் விழும்.

பாம்பு

வயலும் ஏரியும் இருக்கும் இடத்தில் எலி இருக்கும். எலி இருக்கும் இடத்தில் பாம்பு இருக்கும். பார்த்தவுடன் கட்டையைத் தேடாதீர்கள். நீங்கள் காண்பதில் பெரும்பாலானவை சாரையும் தண்ணீர்ப் பாம்பும். இரண்டுக்கும் விஷம் இல்லை; சாரை எலியைத் தின்று உங்களுக்கு உதவுகிறது. பயப்பட வேண்டியவை நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கு. இந்தியாவில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து இந்த நான்குக்கும் எதிராகத் தயாரிக்கப்படுவது. அதற்கான விஷத்தை எடுத்துக்கொடுப்பதில் பெரும்பங்கு, மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்கு உண்டு. உங்கள் வீட்டருகே குடிசை போட்டு வாழும் இருளர் குடும்பங்களை நீங்கள் இந்த நன்றியோடு பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

வீட்டுக்குள் பாம்பு வந்தால் கதவைச் சாத்தி, அடியில் துணி வைத்து அடைத்துவிட்டுத் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். வந்து பிடித்துப் போவார்கள். கட்டுவிரியன் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அது இரவில் நடமாடுவது. தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவர்களைக் கடிக்கும். வலியும் வீக்கமும் பெரிதாக இருக்காது. விடியற்காலையில் வயிற்றுவலி, இமை தொங்குதல், பேச்சுக் குழறல் என்று தொடங்கும். காரணம் புரியாமல் நேரம் போய்விடும். ஆகவே மழைக்காலத்தில் கட்டிலில், கொசுவலைக்குள் படுப்பதை வீட்டு வழக்கமாக்குங்கள். இரவில் வெளியே போனால் டார்ச்சும் செருப்பும் கட்டாயம். விறகு, செங்கல், உடைந்த ஓடு ஆகியவற்றை வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்காதீர்கள்.

கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, 108-ஐக் கூப்பிட்டு, அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனை எது, வீட்டிலிருந்து எவ்வளவு நேரம் என்பதைக் குடியேறிய முதல் வாரத்திலேயே விசாரித்துச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

ஊர் என்றால் சத்தமும் உண்டு

அமைதியைத் தேடி வருகிற சிலர் முதல் ஆடி மாதத்திலேயே மனம் உடைந்துபோகிறார்கள். அம்மன் கோயிலில் கூழ் வார்ப்பார்கள். விடியற்காலையிலேயே ஒலிபெருக்கி பாடும். திரௌபதி அம்மன் கோயில் இருக்கும் ஊரில் பாரதம் படித்து, இரவிரவாகத் தெருக்கூத்து ஆடி, தீமிதியோடு முடிப்பார்கள். இது இந்த வட்டாரத்தின் பெருஞ்செல்வம். நாற்காலி தூக்கிக்கொண்டு போய் உட்காருங்கள், பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள். காவல்நிலையத்துக்குப் போன் போடுகிற ஆளாக உங்கள் பெயர் ஊரில் பதிந்துவிட்டால் அதை அழிக்கப் பல வருஷம் ஆகும். ஊர்த் திருவிழாவுக்கு வரி கேட்டு வந்தால் முகம் சுளிக்காமல் கொடுங்கள். வீட்டில் உடம்பு சரியில்லாதவர் இருக்கிறார், சத்தத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டும் என்று நேரில் போய்ச் சொன்னால் பெரும்பாலும் கேட்பார்கள். திருவிழா நோட்டீசில் உங்கள் வீட்டுப் பெயரும் இருந்தால் இன்னும் சுலபமாகக் கேட்பார்கள்.

விவசாயத்துக்கும் சத்தமும் வாசனையும் உண்டு. இங்கே சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டம். அறுவடை இயந்திரம் இரவிலும் ஓடும், தூசி பறக்கும். தொழுவுரம் கொட்டினால் ஒரு வாரம் வாடை வரும். பூச்சிமருந்து அடிக்கும் நாளில் துணியை உள்ளே எடுத்துவிட்டு ஜன்னலைச் சாத்த வேண்டும். எந்த நாளில் அடிக்கப்போகிறார் என்று கேட்டால் வயல்காரரே சொல்லிவிடுவார். உங்கள் தெருவிளக்கோ சுற்றுச்சுவர் விளக்கோ அவர் வயல்மேல் இரவெல்லாம் அடித்தால் பூச்சி அங்கே கூடும். விளக்குக்கு மேல் ஒரு மூடி போட்டுக் கீழ்நோக்கித் திருப்பிவிடுங்கள். கீரையும் மல்லிகையும் விளைவிக்கிறவர் பக்கத்திலேயே இருக்கும்போது அவரிடமே வாங்குங்கள். அவருக்கு அந்த நிலத்திலிருந்து வருமானம் வந்துகொண்டிருப்பதுதான், அது மனையாகாமல் இருப்பதற்கு உள்ள பெரிய பாதுகாப்பு.

இன்னொன்றை நேராகவே எழுதிவிடுகிறேன். ஊர் என்றும் காலனி என்றும் இரண்டாகப் பிரிந்து கிடப்பது இந்தக் கிராமங்களின் பழைய வேதனை. குடிநீர்த் தொட்டி, சுடுகாடு, கோயில் வழி எல்லாவற்றிலும் அதன் தழும்பு இருக்கும். வெளியிலிருந்து வருகிற உங்களுக்கு அந்தப் பழைய கோட்டைக் காப்பாற்ற வேண்டிய எந்தக் கடமையும் இல்லை. வீட்டு வேலைக்கு வருகிறவருக்குத் தனி டம்ளர் வைக்காதீர்கள். கல்யாணம், காதுகுத்துக்கு இரண்டு பக்கமும் பத்திரிகை கொடுங்கள். மனைப்பிரிவைச் சுற்றி உயரமாகச் சுவர் கட்டிக் காலனிக்காரர்கள் காலங்காலமாக நடந்த வண்டிப்பாட்டையை அடைக்கும் யோசனை உங்கள் நலச்சங்கத்தில் வந்தால் எழுந்து மறுத்துப் பேசுங்கள்.

ஓட்டை மாற்றுங்கள்

குடியேறிப் பத்து வருஷம் ஆகியும் பலருடைய ஓட்டு இன்னும் பெரம்பூரிலோ மாம்பலத்திலோ இருக்கிறது. கேட்டால், ஒருநாள் போய்ப் போட்டுவிட்டு வந்துவிடலாமே என்பார்கள். இதைவிடப் பெரிய இழப்பு வேறில்லை. கிராம சபை உறுப்பினர் என்பவர் அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர் மட்டுமே. ஓட்டு இல்லாதவர் சபையில் உட்காரலாம். தீர்மானத்தில் அவர் குரல் கணக்கில் வராது. இடம் மாறியதற்குப் படிவம் 8 கொடுத்தால் போதும். இணையத்திலேயே கொடுக்கலாம். குடும்ப அட்டையையும் அதோடு மாற்றிவிடுங்கள்.

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. திருநின்றவூர்போல நகராட்சியாகிவிட்ட இடங்களில் வார்டு அளவில் பகுதி சபைக் கூட்டம் உண்டு. உங்கள் நலச்சங்கம் வாட்ஸ்அப்பில் எவ்வளவு பேசினாலும், ஊராட்சியின் தீர்மானப் புத்தகத்தில் ஏறாத வரைக்கும் அது பேச்சுதான். முதல் கூட்டத்துக்குப் போகும்போதே தெருவிளக்குக்கும் சாலைக்கும் சண்டை போடாதீர்கள். பழைய ஊர்க்காரர்கள் என்ன கேட்கிறார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் அவர்கள் கேட்பது ஏரியைப் பற்றியோ கால்வாயைப் பற்றியோ சுடுகாட்டுப் பாதையைப் பற்றியோ இருக்கும். அதற்கு ஆதரவாக நீங்கள் எழுந்து நின்றால், அடுத்த கூட்டத்தில் உங்கள் தெருவிளக்குக்கு அவர்கள் நிற்பார்கள்.

நகரத்தில் படித்து வேலை பார்த்த உங்களுக்கு ஒரு திறமை இருக்கிறது. மனு எழுதத் தெரியும், வரைபடம் படிக்கத் தெரியும், தகவல் உரிமைச் சட்டத்தில் கேள்வி கேட்கத் தெரியும். ஏரியின் எல்லையை அளந்து கல் நடச் சொல்லி வட்டாட்சியருக்கு ஊர்க்காரர்களோடு சேர்ந்து மனு கொடுங்கள். ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இருக்கிறது. அதை மனுவில் குறிப்பிடுங்கள். ஆகஸ்ட் 15 கூட்டத்திலேயே வரத்துக்கால்வாயையும் போக்குக்கால்வாயையும் தூர்வார வேண்டும் என்று தீர்மானம் எழுதவைத்து, அதன் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அக்டோபர் 2 கூட்டத்துக்கு முன், தெருவில் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து கால்வாய் நெடுகிலும் நடந்து, எதுவரை வாரியிருக்கிறார்கள், எந்தக் குழாய்ப்பாலம் அடைத்துக் கிடக்கிறது என்று போட்டோ எடுத்து வையுங்கள். ஐப்பசி மழைக்கு முன் கிடைக்கும் கடைசிக் கூட்டம் அது. அந்தப் போட்டோக்களை அன்றே சபையில் காட்டி, மிச்ச வேலைக்குத் தேதி கேளுங்கள்.